உள்பக்கம் திருப்பிக் காயும் ஜெர்சிகள்

அந்தக் கால்பந்து சங்கத்தின் உடுப்பறைச் சாவி இருபத்திரண்டு வருஷமாக ஒரே ஆளின் இடுப்பில்தான் தொங்கியது. அதற்குள் கோச் ஏழு பேர் வந்து போய்விட்டார்கள். மைதானத்துப் புல்லைக்கூட இரண்டு தடவை பெயர்த்துப் புதிதாகப் போட்டாயிற்று. சாவிக்காரர் மட்டும் மாறவில்லை. பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கு ஒன்று உண்டு; அது சம்பளச் சீட்டோடு சரி. மற்ற எல்லோருக்கும் அவர் பூட்டண்ணன்.

சாவி வைத்திருந்ததால் வந்த பெயர் என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். ஒரு வாரம் பழகினால் விஷயம் புரிந்துவிடும். கேட்டருகே டீக்கடையில் யாராவது அவரைக் கிண்டிப் பார்க்காத நாளே கிடையாது.

"பூட்டண்ணே, நாளைக்கு யாரு யாரு ஆடுறாங்க?"

"பதினோரு பேர்."

"யார் ஜெயிப்பாங்க?"

"கோல் கூடுதலா அடிக்கறவங்க."

"உங்ககிட்ட கேக்கறதுக்கு அந்தக் கோல்கம்பத்துகிட்ட கேக்கலாம்."

"கேளுங்க. அதுக்கும் நான்தான் பாடம் சொல்லிக் குடுத்திருக்கேன்."

படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்புத் துவைக்கும் வேலையில் இருந்தார். ஒருநாள் சங்கத்தின் சலவை இயந்திரம் படுத்துவிட்டது. மறுநாள் காலையில் போட்டி. யாரோ சொல்லி இவரைக் கூட்டி வந்தார்கள். பதினெட்டு ஜெர்சியையும் கையாலேயே கசக்கி, இஸ்திரிப் பெட்டியாலேயே ஈரத்தை வாங்கி, ஒரு சுருக்கமில்லாமல் ஆணியில் மாட்டிக் கொடுத்தார். அப்போதிருந்த கோச், "நாளைக்கும் வாங்க" என்றார். வந்தார். அவ்வளவுதான் அவருடைய நேர்காணல்.

சூதாட்டம் பற்றிய வகுப்பு பிறகுதான் வந்தது. சீசன் தொடங்குவதற்கு முன்னால் விளையாட்டுக் கழகத்திலிருந்து ஒரு மேடம் வருவார். முன்பு நடுவராக இருந்தவர்; இன்னும் விசில் ஊதுகிற மாதிரிதான் பேசுவார். ஆட்டக்காரர்கள் முதல் கேட் காவலாளி வரை எல்லோரும் உட்கார வேண்டும். மேடம் நாலே விஷயம் சொல்வார். உங்கள் விளையாட்டின் மேல் பந்தயம் கட்டாதீர்கள். ஆட்டத்தை விலைக்கு விற்காதீர்கள். அணிக்குள் தெரிந்த சேதியை வெளியே விடாதீர்கள். யாராவது நெருங்கி வந்தால் உடனே சொல்லுங்கள். இந்த நாலையும் சொல்லி முடிப்பதற்குள் பின்வரிசையில் பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள்.

முதல் வருஷம் பூட்டண்ணனே எழுந்து நின்று கேட்டார். "மேடம், நான் துணி தொவைக்கறவன். எனக்கெதுக்கு இது?"

மேடம் சிரிக்கவில்லை. "காலையில வரும்போது ரோட்டுல நின்னு உங்க துணிக்கொடியைப் பாத்தேன். பதினேழு ஜெர்சி காயுது. ஒன்பதாம் நம்பர் இல்ல. அப்போ அவர் பயிற்சிக்கு வரல, கால்ல ஏதோ அடின்னு எனக்கே தெரிஞ்சுபோச்சு. பந்தயம் கட்டறவனுக்குத் தெரியாதா?"

அறையில் தூங்கிக் கொண்டிருந்தவர்கள்கூட விழித்துக்கொண்டார்கள். ஒன்பதாம் நம்பர்க்காரர் தன் காலைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலமே பூட்டண்ணன் தன் தொழில் முறையை மாற்றினார். அணிந்தார்களோ இல்லையோ, அணியில் இருக்கிற இருபத்துமூன்று பேரின் ஜெர்சியும் தினமும் தண்ணீரில் நனையும். கொடியில் போடும்போது உள்பக்கத்தை வெளியே திருப்பித்தான் போடுவார். எந்த எண்ணும் தெருவுக்குத் தெரியாது. போட்டிக்கு முந்தின நாள் உடை மாற்றும் அறையில் வரிசையாக மாட்டிவிட்டு, மேலே ஒரு பெரிய படுக்கை விரிப்பைப் போர்த்திவிடுவார். கல்யாணப் பெண்ணைக்கூட இப்படி மூடி வைக்க மாட்டார்கள் என்று ஆட்டக்காரர்கள் கேலி செய்வார்கள்.

"அழுக்கே படாத துணியைத் தொவைக்கற ஒரே ஆள் நீங்கதாங்க" என்பாள் வீட்டுக்காரி. "வீட்டுல அழுக்குத் துணி மலை மாதிரி கெடக்கு. அதுக்கு மட்டும் கை வலிக்கும்."

அவருக்கு ஒரே மகள்; மூன்று மணி நேர ரயில் தூரத்தில் உள்ள ஊரில் பள்ளிக்கூட டீச்சர். சங்கத்தின் கோல்கீப்பர்தான் அவளைக் கட்டிக்கொண்டார். "சாவிக்காரர் வீட்டுக்குக் காவல்காரர் மாப்பிள்ளை. அந்த வீட்டுல திருடன் போனா வெறுங்கையோட வரமாட்டான், அடியோட வருவான்" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் கை அப்படி. அடுத்த மாதம் நாட்டு அணியின் தேர்வு முகாமுக்கு வரச்சொல்லிக் கடிதமும் வந்திருந்தது. அந்தக் கடிதத்தைப் பூட்டண்ணன் உடுப்பறை அலமாரிக்குள் ஒட்டி வைத்திருந்தார். அதற்குப் பக்கத்தில் மேடம் கொடுத்த அட்டை. அதில் சேதி சொல்ல வேண்டிய போன் நம்பர்.

அரையிறுதிப் போட்டிக்கு முந்தின நாள், காலை பத்து மணிக்கு வீட்டுக்காரியிடமிருந்து போன் வந்தது. துணைக்கென்று ஒரு வாரம் முன்பே மகளிடம் போயிருந்தாள்.

"பேத்திங்க! மூணு வாரம் முந்திக்கிட்டா. அவசரக்காரி. பொண்ணும் நல்லாருக்கா. மூக்கு மட்டும் உங்க மூக்கு, பாவம்."

பூட்டண்ணனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இஸ்திரிப் பெட்டியைத் துணியின் மேலேயே வைத்துவிட்டுக் கோச் அறைக்கு ஓடினார். அங்கே மாப்பிள்ளை ஏற்கெனவே பையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது. கோச் அவரைக் கட்டிப் பிடித்துவிட்டு, கதவைச் சாத்தினார்.

"போயிட்டு வாப்பா. ஆட்டம் எங்கயும் ஓடிப்போகாது. நாளைக்கு ரெண்டாவது கீப்பர் நிப்பான். ஆனா ஒண்ணு. ஆடறவங்க பட்டியல் குடுக்கற நேரம் வரைக்கும் இது நம்ம அஞ்சு பேருக்குள்ள இருக்கணும். நான், நீ, டாக்டர், ரெண்டாவது கீப்பர், அப்புறம் பூட்டண்ணே நீங்க. உங்ககிட்ட தனியா சொல்ல வேண்டியதில்ல."

"என்ன கோச் இது! என்கிட்ட போய்…" என்று பூட்டண்ணன் சிரித்தார்.

மாப்பிள்ளை பதினொரு மணி ரயிலுக்குப் போய்விட்டார். பூட்டண்ணன் வேலையை முடித்து, ஜெர்சிகளை மாட்டி, விரிப்பைப் போர்த்தினார். மாலை ஆறு மணி ரயிலில் போய்ப் பேத்தியைப் பார்த்துவிட்டு, விடியற்காலை ரயிலில் திரும்புவதாகத் திட்டம். கண்ணாடியில் முகத்தைப் பார்த்தார். நாலு நாள் தாடி. பிஞ்சுக் கன்னத்தில் இதை வைத்து உரசுவதா? தெருக்கோடி சலூனுக்கு நடந்தார். நடந்தார் என்பது சும்மா பேச்சு. கால் தரையில் பட்டதோ இல்லையோ.

சலூனில் இரண்டு நாற்காலி. ஒன்றில் ரெட்டைப் போன்காரர் இருந்தார். எப்போதும் சட்டைப் பையில் இரண்டு போன் வைத்திருப்பதால் அந்தப் பெயர். இரண்டு மாதமாக அந்தத் தெருவில் பழக்கமான முகம். நல்ல மனுஷர், எல்லோருக்கும் வணக்கம் சொல்வார், டீ வாங்கிக் கொடுப்பார், ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்டதில்லை. முகம் முழுக்க நுரையோடு உட்கார்ந்திருந்தார். சலூன்காரர் ஒரு கன்னத்தை முடித்திருந்தார்.

"என்ன பூட்டண்ணே, முகத்துல இன்னைக்கு லைட்டு எரியுது?" என்றார் சலூன்காரர்.

"தாத்தா ஆயிட்டேன்யா! பேத்தி பொறந்திருக்கா!"

"அடிசக்கை! சவரம் இன்னைக்கு என் செலவு. மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

"தெரியுமாவா? பதினொரு மணி ரயிலுக்கே பறந்துட்டார். நாளைக்கு ஆட்டமாவது ஒண்ணாவதுன்னு கோச்சே அனுப்பி வச்சுட்டாரு. பொண்ணு பொறந்தா அப்படித்தான்யா இருக்கணும்!"

சொல்லும்போது அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. சேதி சொல்கிறோம் என்ற நினைப்பே இல்லை. சந்தோஷத்தைச் சொல்கிறோம் என்றுதான் நினைத்தார். பெஞ்சில் உட்கார்ந்து, கிடந்த பழைய பத்திரிகையைப் புரட்டினார்.

"ரொம்ப சந்தோஷம் ஐயா. ஒரு நிமிஷம்" என்று ரெட்டைப் போன்காரர் எழுந்தார். கழுத்தில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்காமல் வெளியே போனார்.

"சார், இன்னும் ஒரு பக்கம் இருக்கு!" என்று சலூன்காரர் கத்தியோடு நின்றார்.

சுவர்க் கண்ணாடியில் தெரு தெரிந்தது. ஒரு கன்னம் மழமழவென்றும், மறு கன்னம் வெள்ளை நுரையாகவும் அந்த ஆள் நடைபாதையில் நின்று பேசிக்கொண்டிருந்தார். முதலில் ஒரு போனில். பிறகு இன்னொன்றில். நுரை வழிந்து சட்டைக் காலரில் சொட்டியது, துடைக்கவில்லை. எந்த மனுஷனுக்குப் பாதிச் சவரத்தில் எழுந்து போகிற அளவுக்கு அடுத்தவன் வீட்டுக் குழந்தை மேல் அவசரம் வரும்?

 நுணலும் தன் வாயால் கெடும் என்று சின்ன வயதில் வாத்தியார் அடித்து அடித்துச் சொல்லிக் கொடுத்தது, ஐம்பது வருஷம் கழித்து இப்போதுதான் பூட்டண்ணனுக்கு விளங்கியது.

ரெட்டைப் போன்காரர் திரும்பி வந்தார். இன்னும் அன்பாகச் சிரித்தார்.

"ஐயா, குழந்தைக்கு ஒரு தொட்டில் என் பங்கு. நல்ல மரத்தொட்டில். வீட்டு விலாசம் மட்டும் சொல்லுங்க. இனிமே நாம அடிக்கடி பேசிக்கணும்."

பூட்டண்ணன் பத்திரிகையை மடித்து வைத்தார். "தொட்டில் நான் வாங்கிக்கறேன் தம்பி. நீங்க உக்காந்து மிச்சக் கன்னத்தை முடிங்க" என்று சொல்லிவிட்டு வெளியேறினார். சவரம் செய்துகொள்ளவில்லை.

உடுப்பறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டு உட்கார்ந்தார். அலமாரியில் முகாம் கடிதமும் அட்டையும் பக்கத்தில் பக்கத்தில். சொன்னால், வீட்டு ஆள் மூலமாகச் சேதி போனது என்று மாப்பிள்ளை பெயரும் விசாரணையில் வரும். முகாம் போனாலும் போகும். இவருடைய சாவி நிச்சயம் போகும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. சலூன்காரர் சத்தியமாகச் சொல்ல மாட்டார். அவர் கவலையெல்லாம் அந்த மிச்சக் கன்னம்தான்.

வீட்டுக்காரிக்குப் போன் போட்டார். நடந்ததைக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணிட்டு இப்படியா உளறுவீங்க? சரி, விடுங்க. நாள் நல்ல நாள். பேசாம ரயில் ஏறி வாங்க."

"மாப்பிள்ளைகிட்ட குடு."

மாப்பிள்ளையின் குரல் சந்தோஷத்தில் மிதந்தது. "மாமா, என் விரலைப் பிடிச்சா பாருங்க, பந்தைக்கூட நான் அப்படிப் பிடிச்சதில்ல."

பூட்டண்ணன் எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பக்கம் குழந்தை ஒரு தடவை சிணுங்கியது கேட்டது.

"உங்ககிட்ட அனுமதி கேக்கல மாப்பிள்ளை. உங்க பேரும் இதுல வரும். அதனால உங்ககிட்ட சொல்லிட்டுச் செய்யறேன்."

"செய்ங்க மாமா. நாளைக்கு இவ பெரியவளாகி, எங்கப்பா எப்படின்னு கேட்டா, விஷயத்தை மறைச்சுத்தான் ஜெயிச்சாருன்னு நீங்க சொல்ல வேண்டாம்."

அட்டையில் இருந்த நம்பரை அழுத்தினார். எடுத்தது மேடமே. அதே விசில் குரல். "எத்தனை மணிக்கு? நீங்க சொன்ன வார்த்தை அப்படியே என்ன? அவர் என்ன சொன்னார்? எழுதி வையுங்க, இப்பவே." பூட்டண்ணன் சலவைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதினார். கோணல் மாணலான எழுத்து, முழுசாகப் பதினொரு வரி. தொட்டில் வரைக்கும் எழுதினார். நுரையையும் எழுதினார்.

பிறகு கோச்சிடம் போய் அந்தச் சீட்டை நீட்டினார். கோச் படித்தார். படித்துவிட்டுச் சீட்டை மேஜையில் வைத்தார்.

"பூட்டண்ணே, ஊரே தெறந்துகெடந்தாலும் நீங்க மட்டும் மூடியிருப்பீங்கன்னு நெனச்சேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன் கோச்."

கோச் ஒரு கையால் தலையைத் தேய்த்துக்கொண்டார். எதிரணிக்குத் தெரியாமல் வைத்திருந்த ஒரே விஷயம் அது. பிறகு மேடத்தோடு போனில் பேசினார். பேசி முடித்ததும் வந்த யோசனையைப் பூட்டண்ணன் கனவிலும் எதிர்பார்க்கவில்லை. ஐந்து மணி அடிப்பதற்குள் சங்கத்தின் இணையப் பக்கத்தில் அறிவிப்பு வந்தது: கோல்கீப்பருக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, தாயும் சேயும் நலம், நாளைய ஆட்டத்தில் அவர் இல்லை. எல்லோருக்கும் தெரிந்துவிட்டால் அது ரகசியமும் இல்லை, விற்கிற சரக்கும் இல்லை. அந்தத் தெருவில் அதற்குள் எத்தனை பேர் வாழ்த்துச் சொன்னார்கள் என்று கணக்கில்லை.

"சாவி" என்று கோச் கையை நீட்டினார். குரல் கடுமையாக இல்லை. "விசாரணை முடியற வரைக்கும்."

இடுப்பிலிருந்து கழற்றும்போது அந்த இடம் வெறிச்சென்று ஆனது. சாவியைப் புல் வெட்டுகிறவரிடம் கொடுத்தார்கள். பூட்டண்ணன் வாசலில் நின்று திரும்பி, "எண்ணு உள்பக்கம் இருக்கட்டும்பா" என்று மட்டும் சொன்னார்.

ஆறு மணி ரயில். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் வீட்டுக்காரி முகத்தைப் பார்த்தாள். "சவரம் பண்ணத்தானே போனீங்க? பண்ணாம வந்திருக்கீங்க. பண்ண வேண்டாததைப் பண்ணிட்டு வந்திருக்கீங்க." சொல்லிவிட்டுக் குழந்தையைக் கையில் கொடுத்தாள். மூக்கு அவருடைய மூக்குதான், சந்தேகமே இல்லை. தாடி பட்டுவிடுமோ என்று முகத்தை எட்டவே வைத்துக்கொண்டு அரைமணி நேரம் அப்படியே நின்றார்.

மறுநாள் அரையிறுதியை ஆஸ்பத்திரி வராந்தாவில் மாப்பிள்ளையின் போனில் கேட்டார்கள். இரண்டாவது கீப்பர் ஒரு பெனால்டியைத் தடுத்தான். மாப்பிள்ளை துள்ளிய துள்ளலில் நர்ஸ் வந்து திட்டிவிட்டுப் போனார். ஒன்றுக்கு ஒன்று சமன். கூடுதல் நேரத்தில் தோற்றுப் போனார்கள். பூட்டண்ணன் தலையைக் குனிந்தபடி இருந்தார். "மாமா, அந்தக் கோலை நான் நின்னிருந்தாலும் பிடிச்சிருக்க மாட்டேன். விடுங்க" என்றார் மாப்பிள்ளை. அது உண்மையா, அன்பா என்று பூட்டண்ணனுக்கு இன்றுவரை தெரியாது.

மூன்று வாரம் கழித்து விசாரணை. நீளமான மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர்.

"இத்தனை வருஷம் வகுப்புல உக்காந்திருக்கீங்க. ஏன் சொன்னீங்க?"

"பேத்தி பொறந்துச்சுங்க."

"அது ஒரு காரணமா?"

"இல்லைங்க. நடந்தது அதுதான். காரணம்னு எதுவும் இல்லைங்க. தப்பு என்னோடது. மாப்பிள்ளை யார்கிட்டயும் வாயைத் தெறக்கல. வேணும்னா என்னைப் போகச் சொல்லுங்க, அவரை முகாமுக்கு விடுங்க."

நடுவில் இருந்தவர் சலவைச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் எழுதியிருந்த நேரத்தை வைத்துத்தான் எல்லாம் பிடிபட்டிருந்தது. சலூனில் பூட்டண்ணன் வாய் திறந்ததற்கும் அறிவிப்பு வந்ததற்கும் இடையிலான நேரத்தில், சங்கத்து அணி தோற்கும் என்று பந்தயங்கள் குவிந்திருந்தன. அந்த நூலைப் பிடித்து இழுத்ததில், ரெட்டைப் போன்காரர் இன்னும் மூன்று சங்கங்களின் பக்கத்திலும் இதே மாதிரி டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது வெளியே வந்தது. ஓரிடத்தில் மசாஜ்காரருக்கு சைக்கிள், இன்னோர் இடத்தில் சமையல்காரர் மகளுக்குக் கல்யாணப் பரிசு. பரிசு வாங்கிய யாரும் வாய் திறக்கவில்லை. திறந்தது இந்த ஒரே ஆள்தான். ஒரே நாளில் இரண்டு தடவை.

ரெட்டைப் போன்காரர் எந்த மைதானத்துக்குள்ளும் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவானது. மாப்பிள்ளை மேல் குற்றம் இல்லை, முகாமுக்குப் போகலாம். பூட்டண்ணனுக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை. கடிதத்தின் கடைசி வரியை மேடமே படித்துக் காட்டினார்: சாவியைத் திருப்பிக் கொடுக்கவும்.

கோச் சாவியைக் கையில் வைத்தபோது, பூட்டண்ணன் நேராகக் கொல்லைப்பக்கம் போனார். கொடியில் எண்கள் எல்லாம் தெருவைப் பார்த்துப் பல்லிளித்துக்கொண்டிருந்தன. "சொன்னா கேக்க மாட்டாங்க" என்று முனகியபடி ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்ட பிறகுதான் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த சீசன் வகுப்பில் மேடம், "நாலாவது விஷயத்தை நான் சொல்லப் போறதில்ல. அதைச் செஞ்சவர் இங்க இருக்கார்" என்று உட்கார்ந்துவிட்டார். பூட்டண்ணன் மாட்டேன் மாட்டேன் என்று எழுந்தார். எழுந்த பிறகு என்ன செய்வது? சலூனிலிருந்து தொடங்கினார். பாதிச் சவரம் வரும்போது பின்வரிசை வரை சிரித்தது. தொட்டில் வரும்போது ஒருவரும் சிரிக்கவில்லை.

"காசோட ஒருத்தன் வருவான், அவனைப் பிடிச்சுடலாம்னு எல்லாரும் காத்துட்டிருக்கீங்க. நானும் அப்படித்தான் காத்துட்டிருந்தேன். என்கிட்ட வந்தவன் வாழ்த்துச் சொல்லிட்டு வந்தான்."

முன்வரிசையிலிருந்து புது ஆட்டக்காரி ஒருத்தி கை தூக்கினாள். அந்த வருஷம்தான் பெண்கள் அணி தொடங்கியிருந்தது. "அப்போ வீட்டுலகூட எதுவும் சொல்லக் கூடாதா அண்ணே? எங்கம்மா கேட்டே கொன்னுடுவாங்க."

"சொல்லும்மா. வீடுன்னா சொல்லித்தான் ஆகணும். இது வெளிய போகாதுன்னு சேத்துச் சொல்லு. அதையும் மீறி வாய் தவறிடுச்சா, நாளைக்குப் பாத்துக்கலாம்னு படுக்காத. நம்பர் உங்க எல்லார் போன்லயும் இருக்கு. நான் அஞ்சாங்கிளாஸ். நானே பதினோரு வரி எழுதிட்டேன்."

அந்த நாலாவது விஷயத்தின்போது யாரும் தூங்காத முதல் வருஷம் அது என்று மேடம் பிற்பாடு கோச்சிடம் சொன்னார். இப்போது மற்ற சங்கங்களுக்குப் போகும்போதும் அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார். ஒன்பது இடத்தில் பேசியாயிற்று. வண்டியில் ஏறும் நாளெல்லாம் பூட்டண்ணன் முதல் வேலையாகச் சவரம் செய்துகொள்கிறார். கத்தி கன்னத்தில் இருக்கும்வரை அவரிடமிருந்து ஒரு வார்த்தை வராது என்பது சலூன்காரரின் குறை.

வகுப்பு முடிந்த அன்று ஆட்டக்காரர்கள் சேர்ந்து ஒரு பொட்டலம் கொடுத்தார்கள். உள்ளே உள்ளங்கை அளவுக்கு ஒரு ஜெர்சி. முதுகில் பெரிதாக ஒன்றாம் நம்பர், அப்பாவுடைய நம்பர். பேத்தி அதைப் போட்டுக்கொண்ட முதல் நாளே பாலைக் கக்கி வைத்தாள். தாத்தா அதைத் தன் கையாலேயே அலசி, வீட்டு வாசல் கொடிக்குக் கொண்டுபோனார். பழக்க தோஷம், உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டுவிட்டார்.

வீட்டுக்காரி வாசற்படியில் நின்று பார்த்தாள். "ஏங்க, இவ ஆடுறாளா இல்லையான்னு யாரு பந்தயம் கட்டப் போறா?"

பூட்டண்ணன் ஒரு நிமிஷம் நின்றார். கிளிப்பை எடுத்து, ஜெர்சியை வெளிப்பக்கமாகத் திருப்பி, எண் நேராகத் தெருவைப் பார்க்கும்படி மாட்டி, சுருக்கத்தை இரண்டு கையாலும் நீவிவிட்டார். பிறகு தெருவில் போகிறவர்கள் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றார்.